பந்து பதினேழு முறையும் எனக்கே வந்தமை குறித்து

அனுப்புநர்:
வினோஜா சிவநேசன் (வயது 17),
ஹவுகெட்டோ, ஒஸ்லோ.

பெறுநர்:
நிர்வாகப் பொறுப்பாளர்,
தென்றல் வார இறுதித் தமிழ்ப் பாடசாலை,
ஒஸ்லோ.

விடயம்: துணை ஆசிரியர் பயிற்சியில் நடந்த பெயர்ப்பந்து விளையாட்டின் மதிப்பீட்டை மீளாய்வு செய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கடந்த 07.06.2025 சனிக்கிழமை, பந்தை எறிவதற்கு முன் யோகலிங்கம் மாமாவின் வாய் திறந்து, ஒன்றும் சொல்லாமல் மூடியதைக் கண்டேன். அவருடைய கண் வட்டத்தில் நின்ற எல்லோரையும் ஒருமுறை சுற்றி வந்தது. பின்பு “வினோஜா” என்று சொல்லி எனக்கு எறிந்தார். அப்போது இதை நான் பெரிதாக எடுக்கவில்லை.

2. ஆகஸ்ட் மாதம் முதல் தங்கள் பாடசாலையின் பாலர் வகுப்பில் துணை ஆசிரியராக இருப்பதற்கு விண்ணப்பித்து, அதற்கான ஒருநாள் பயிற்சிக்கு வந்திருந்தேன். பிள்ளைகளின் கூச்சத்தைப் போக்கும் ஓடியாடும் விளையாட்டுகளைப் பயிற்றுநர் டெனிஸ் அண்ணா பழக்கினார். முதலாவது பெயர்ப்பந்து. ஒருவரின் பெயரைச் சொல்லிப் பந்தை எறிய வேண்டும். பிடித்தவர் தன்னைப் பற்றி ஒரு தகவல் சொல்லி, வட்டத்தை ஒருமுறை ஓடிச் சுற்றி வந்து, இன்னொருவரின் பெயரைச் சொல்லி எறிய வேண்டும். பெயருடன் அண்ணா, அக்கா, மாமா, அன்ரி எதையும் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் வேகம் குறைந்துவிடும் என்று விளக்கம் தரப்பட்டது.

3. நோர்வேஜியப் பாடசாலைகளில் இவ்விளையாட்டு நன்றாகவே நடக்கும். அங்கே ஆசிரியரையே எமிலி என்று நானும் கூப்பிட்டிருக்கிறேன். ஆனால் அன்று வந்திருந்தவர்கள் என்னைத் தவிர எல்லோரும் பெற்றோர்கள். ஒருவரை ஒருவர் தக்சனின் அப்பா, ராகவியின் அம்மா என்று அறிந்தவர்கள். வெறும் பெயரால் கூப்பிடக்கூடியவள் அந்த மண்டபத்தில் நான் ஒருத்தியே.

4. வசந்தமலர் அன்ரி தம் கணவரான யோகலிங்கம் மாமாவுக்கு எறிய விரும்பி, “இஞ்சாருங்கோ” என்றார். மூன்று ஆண்கள் திரும்பினார்கள்.

“அது பெயரில்லை, அன்ரி” என்றார் டெனிஸ் அண்ணா.

“இருபத்தாறு வருசமா நான் அவரைக் கூப்பிடுற பெயர் அதுதான், தம்பி” என்றார் அன்ரி. பந்து எனக்கு வந்தது.

சென்னையிலிருந்து வந்த சிவராமன் ஐயா “மேடம்” என்றார். ஐந்து பேர் கை நீட்டினார்கள். எனவே அவரும் “வினோஜா, கேட்ச்” என்றார். டெனிஸ் அண்ணாவும் அன்று முழுவதும் வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட்டது என்னை மட்டுமே என்பதைப் பணிவுடன் குறிப்பிடுகிறேன்.

5. எனக்கோ பெயர் சொல்லி எறியக்கூடியவர் ஒருவருமே இல்லை. ஒவ்வொரு முறையும் ஓடி முடித்துப் பந்தை டெனிஸ் அண்ணாவின் கையில் கொடுத்தேன். அவர் அதை அடுத்தவரிடம் கொடுத்தார். அடுத்தவர் எனக்கு எறிந்தார். பதினேழு முறை பிடித்தேன், ஒருமுறையும் தவறவிடவில்லை.

6. தகவல்கள்தாம் தட்டுப்பாடாயின. ஐந்தாவது முறை, புட்டுடன் நோர்வேயின் இனிப்பான பழுப்புச் சீஸ் சாப்பிடுவேன் என்றேன். சிலர் அனுதாபப்பட்டனர். ஒன்பதாவது முறை சப்பாத்து அளவைச் சொன்னேன். பதின்மூன்றாவது முறை வேறொன்றும் மீதியில்லாததால், போன வருடம் நோர்வேஜியப் பாடசாலைப் படிப்பை இடையில் விட்டுவிட்டேன் என்றேன். இதை நான் வெளியில் எவருக்கும் சொன்னதில்லை. “அம்மாவுக்குத் தெரியுமோ, பிள்ளை?” என்று வசந்தமலர் அன்ரி மெதுவாகக் கேட்டார். ஓம் என்றேன். பிறகு ஓடினேன். ஓட வேண்டும் என்பது விதி.

விட்டதற்கான காரணம் இம்மனுவுக்குத் தேவையில்லை என்பதால் எழுதவில்லை.

7. மாலையில் தரப்பட்ட மதிப்பீட்டுப் படிவத்தில், “பந்தை எவருக்கும் எறியவில்லை. பெயர் சொல்லக் கூச்சம். பாலர் வகுப்புக்குப் பொருத்தமில்லை” என்று எழுதப்பட்டிருந்தது. துணை ஆசிரியர் பட்டியலிலிருந்து என் பெயர் நீக்கப்பட்டுள்ளது. எனக்குக் கூச்சம் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் அன்று என் வாயை மூடியது அது அல்ல. வீட்டைவிட்டு வெளியே போக ஓர் இடம் வேண்டும் என்று நானாகவே கேட்டு வந்த முதல் வேலை இது.

8. பாலர் வகுப்பில் பதினான்கு பிள்ளைகள் இருக்கிறார்கள். பதினான்கு பேரும் என்னைவிட இளையவர்கள். அவர்கள் எல்லோரையும் என்னால் பெயர் சொல்லிக் கூப்பிட முடியும். ஆகவே என்னை அவர்களுடன் ஒருமுறை விளையாடவிட்டு, அதன் பின் முடிவெடுக்குமாறு தங்களைத் தாழ்மையுடன் வேண்டுகிறேன். பெரியவர்களுக்கான அடுத்த பயிற்சியில் மாமா, அன்ரி சேர்த்துச் சொல்ல அனுமதித்தால் மற்றவர்களும் கொஞ்சம் ஓடுவார்கள்.

9. நேற்றுப் பாடசாலை முடிந்த பின், பாலர் வகுப்பு வாசலில் பிள்ளைகள் மேற்சட்டை கொழுவும் கொக்கிகளுக்கு மேல் ஒட்டியிருந்த பெயர்களை வரிசையாக வாசித்தேன். பிறகு திரும்பி நின்று, பார்க்காமல், பதினான்கையும் உரத்துச் சொன்னேன்.

இடம்: ஹவுகெட்டோ
திகதி: 15.06.2025

தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
சி. வினோஜா