குடலுக்குள் போன பலூன்

அன்புள்ள ஃபுமினோ,

நீயும் மகள் ரிசாவும் சுகம்தானே? மியாகோ தீவில் புயல் ஓய்ந்ததா? நான் இப்போது நன்றாக இருக்கிறேன், பயப்படாதே. போன மாதம் இங்கே தொழிற்சாலையில் தலைசுற்றி விழுந்தேன்; கடல் தாண்டி இருக்கும் நீ கலங்குவாய் என்று அப்போது எழுதவில்லை. வயிற்றுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது. இங்குள்ள பெரிய ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்து, பலூன் பொருத்திய குழாயை வாய்வழியாக விட்டு, சிறுகுடலில் அபூர்வமான கட்டி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அதே குழாய் வழியாகவே வெட்டி எடுத்துவிட்டார்கள். வயிற்றில் கீறல்கூட இல்லை. "புற்று இல்லைங்க, தைரியமா வேலைக்குப் போங்க," என்றார் டாக்டர் குரோசாகி.

நம்மூர் கருப்புச் சர்க்கரை கொஞ்சம் அனுப்பு. ரிசாவையும் ஒரு வரி எழுதச் சொல்.

மயக்கத்தில் உன் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தேனாம். "ஃபுமினோ உங்க வீட்டம்மாவா? வெளியில இருக்காங்களா, கூப்பிடட்டுமா?" என்று நர்ஸ் கேட்டாள்.

"வேணாம்மா. அசதியில நாற்காலியிலயே தூங்கியிருப்பா, எழுப்பாதீங்க," என்று சொல்லிவிட்டேன்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

உன்
யசுஹிகோ