மிஸ்ஸியின் ஃபைலும் நம் வீடும்

என் அருமை அத்தைக்கு,

நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகிறது. இன்னும் மீன் குழம்பில் உப்புப் போடும்போது, பின்னாலிருந்து உங்கள் குரல் வருமோ என்று கை தயங்குகிறது. உங்கள் மகன், "இப்பதான் குழம்பு குழம்பா இருக்கு" என்கிறார். நம்பாதீர்கள், பொய்.

உங்கள் காரியம் முடிந்ததும் லாபு பக்கத்து ரப்பர் தோட்டத்து வீட்டை ஆபீசில் திருப்பிக் கேட்டார்கள். கொடுத்துவிட்டு லுக்குட் டவுனுக்கு வந்துவிட்டோம். வாடகை வீடு, நாள் முழுக்க மோட்டார் சத்தம். உங்களுக்குப் பிடித்திருக்காது.

மார்பில் வந்த புற்று எலும்புக்கும் போய்விட்டது, இனி குணமாகாது என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்ட பிறகு, சிரம்பானிலிருந்து வாரம் ஒருமுறை வீட்டுக்கே வந்து பார்த்தாரே மலாய் நர்ஸ், நம் மிஸ்ஸி, நினைவிருக்கிறதா? வெள்ளை உடுப்பு, கையில் ஃபைல். வலி எப்படி என்று மலாயில் கேட்பார். நீங்கள் சிரித்துக்கொண்டே, "ஒண்ணும் இல்லலா" என்பீர்கள். நானும் அதையே மலாயில் சொல்லுவேன். அவரும் எழுதிக்கொண்டு, அதே மருந்தைக் கொடுத்துவிட்டுப் போவார்.

கார் கிளம்பியதும் நீங்கள் துண்டைக் கடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவீர்கள். எத்தனை வாரம் அப்படி? ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை.

"வலிய ஏன் மறைக்கிறீங்க? யாருக்குப் பயந்துக்கிட்டு?"

"மெதுவா பேசு. அவ எழுதுறாளே, அது நேரா தோட்டத்து ஆபீஸ்ல பேர் எழுதுற கிராணிகிட்டப் போகும். நான் லீவுல இருக்கேன்னுதான் அவங்க நெனைக்கிறாங்க. இனி வேலைக்கு ஆக மாட்டேன்னு தெரிஞ்சா பேர அடிச்சிட்டு வீட்டக் கேப்பாங்க. உன் புருஷன் தோட்டத்துக்கு வெளிய லோரி ஓட்டுறான், வீடு என் பேர்லதான் இருக்கு. புள்ளைங்கள தூக்கிக்கிட்டு நீ எங்க போவ?"

முப்பது வருடம் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர் நீங்கள். யார் எழுதினாலும் அந்தத் தாள் ஆபீசுக்குத்தான் போகும் என்பதுதானே நீங்கள் கண்டது? வாய்க்கு வாய் பேசிய எனக்காகவா அத்தை அவ்வளவு வலியும்?

அடுத்த வாரம் மிஸ்ஸியிடம் வாசலிலேயே சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. உள்ளே வந்து உங்கள் பாய் ஓரமாகத் தரையில் உட்கார்ந்து, ஃபைலை உங்கள் மடியில் வைத்தார். இது மருந்துக்காக மட்டும், தோட்டத்து ஆபீஸ் இதைப் பார்க்காது என்றார். நான் தமிழில் சொன்னேன். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தீர்கள்.

"இடுப்பு தாங்கலம்மா" என்றீர்கள்.

மருந்து மாறியது. இரண்டு நாளில் தூங்கி எழுந்து என் குழம்பைக் குறை சொன்னீர்கள். நான் அடுப்படியில் நின்று சந்தோஷத்தில் அழுதேன். கடைசி ஐந்து வாரம் அந்தத் துண்டு உங்களுக்குத் தேவைப்படவில்லை. மிஸ்ஸிக்கு நான் எப்படி நன்றி சொல்ல? உங்களுக்கு எப்படிச் சொல்ல?

மிஸ்ஸி இப்போது தோட்டங்களுக்கு வெள்ளை உடுப்பில் போவதில்லை. மலாய்ப் பெண்கள் சாதாரணமாக உடுத்தும் பாஜு கூரோங்தான்; ஆபீஸ் ஆள் என்று யாரும் பயந்துவிடக் கூடாதாம். ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழில் பேச என்னையும் கூட்டிப்போகிறார். போன வாரம் புக்கிட் பெலண்டோக் தோட்டத்தில் ஒரு டிராக்டர்காரர், தொண்டையில் புற்று. அவரும் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினார், ஒன்றுமில்லை என்று.

இது என் வாக்கு, அத்தை. வலி இல்லை என்று யார் சொன்னாலும் அதை அப்படியே மிஸ்ஸியிடம் சொல்ல மாட்டேன். வீடு யார் பேரில் இருக்கிறது என்று முதலில் கேட்பேன்.

உங்களோடு சண்டை போட்டே மகளாகிப்போன மருமகள்,
சரசு