அம்மா வாசிக்காமல் விட்ட அத்தியாயம்

அன்புள்ள மகளுக்கு, அப்பா எழுதுவது. நான் நலம், நீ நலமா என்று தொடங்குவதில் எனக்கு எப்போதும் ஒரு சங்கடம் உண்டு, பதில் வந்து சேருவதற்குள் நலம் மாறிவிடும். ஆகவே சுருக்கமாக, சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன், பல்வலி போய்விட்டது, உன் பக்கமும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கட்டும். உன் சித்தி வாரம் தவறாமல் வந்து சமையலறையை அடுக்கிவிட்டுப் போகிறாள், அவள் அடுக்கிய பிறகு ஒரு கரண்டியைக் கண்டுபிடிக்க எனக்கு அரை நாள் ஆகிறது, வேண்டாம் என்று சொன்னால் அக்கா இருந்தா வீட்ட இப்படியா வெச்சிருப்பா என்று மூக்கை உறிஞ்சுகிறாள், அக்கா இதைவிடக் கேவலமாகத்தான் வைத்திருந்தாள் என்று சொல்ல வாய் வரை வருகிறது, அடக்கிக்கொள்கிறேன். மாடி வீட்டுக் குழாய் கசிந்து நம் கூடத்துச் சுவரில் ஈரம் ஏறியிருந்தது, பிளம்பர் வந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு அடுத்த வாரம் என்றார், நானே பிரித்து வாஷர் மாற்றிவிட்டேன், பத்து நிமிட வேலை. வீட்டில் ரேடியோ எந்நேரமும் ஓடுகிறது என்று சித்தி உன்னிடம் புகார் சொல்லியிருப்பாள். உண்மைதான். காரணத்தைக் கீழே எழுதுகிறேன்.

ஸ்டுடியோக்காரர் அனுப்பிய சம்மதத் தாளில் ஏன் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்று நீ போனில் கேட்டாய். அம்மா வாசித்து முடிக்காமல் விட்ட நாவலின் கடைசி அத்தியாயத்தை அம்மாவின் குரலிலேயே கம்ப்யூட்டரை வைத்து வாசிக்க வைக்க வாரிசுகளான நம் இருவர் சம்மதமும் அவருக்கு வேண்டும், நீ சரி என்றுவிட்டாய், நான் சொல்லவில்லை. உனக்கு அந்தக் கதைங்கன்னாலே இளக்காரம்ப்பா, அதான் இழுக்கற என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். போனில் எனக்கு ஒழுங்காகப் பேச வராது, நடுவில் கோபம் வந்துவிடும், அதனால் எழுதுகிறேன். முதலில் இளக்காரம் விஷயத்தை முடித்துவிடுவோம். உன் அம்மா பீரோவைவிடக் கொஞ்சம் பெரிதான அந்தப் பதிவு அறைக்குள், நாங்கள் டப்பா என்று சொல்வோமே, அதற்குள் ஃபேன் இல்லாமல் உட்கார்ந்து காதல் நாவல்களை வாசிக்க, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அதைப் பதிவு செய்து வெட்டி ஒட்டி ஒலிப்புத்தகமாக்கியவன் நான். ஒவ்வொரு வரியையும் மூன்று நான்கு முறை கேட்டிருக்கிறேன், எழுதியவர்களே அத்தனை முறை படித்திருக்க மாட்டார்கள். ஆகவே கருத்துச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு என்றே நினைக்கிறேன்.

நாயகன் ஆறடி, கம்பெனி முதலாளி, என்ன கம்பெனி என்று கடைசி வரை தெரியாது. மீட்டிங் மீட்டிங் என்கிறான், அதில் யாரும் எதற்கும் முடிவெடுப்பதில்லை, இவன் கண் சிவந்து வெளியே வருவதோடு சரி. அந்த ஆபீசில் ஒரு சர்வர் படுத்துவிட்டால் யார் எழுப்புவார்கள் என்று எந்த ஆசிரியருக்கும் கவலை இல்லை. நாயகி துறுதுறுவென்று இருப்பாள், இருபது பக்கத்துக்கு ஒரு முறை தடுக்கி அவன் மேல் விழுவாள், அதைக் காதல் என்கிறார்கள், எனக்கு அது காதுக்குள் இருக்கும் சமநிலைக் கோளாறாகத்தான் தெரிகிறது, டாக்டரைப் பார்க்க வேண்டும். ஆறு மாத ஒப்பந்தத்துக்குக் கல்யாணம் செய்துகொள்கிறார்கள், ஒப்பந்தத்தை ஒருவரும் படிப்பதில்லை. பாதிக் கதை ஒரு தவறான புரிதலில் ஓடுகிறது, கதவுக்கு வெளியே நின்று அரை வாக்கியத்தைக் கேட்டுவிட்டு ஊரை விட்டே போய்விடுகிறார்கள், மீதி அரையையும் கேட்டுவிட்டுப் போகலாமே என்று ஒருத்திக்கும் தோன்றுவதில்லை. கடைசியில் கட்டாயம் இரட்டைக் குழந்தை. இதெல்லாம் என் கருத்து. உன் அம்மாவின் கருத்து இதைவிட மோசம். அது வெளியே யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அதை வெட்டி எடுப்பதுதான் என் வேலை. உருகி உருகி வாசித்துக்கொண்டே வருவாள், அவன் அவளுடைய மணிக்கட்டை இறுகப் பற்றினான் என்று முடித்து அதே மூச்சில், பளார்னு ஒண்ணு விடாம என்னடி தலையக் குனியற, கை என்ன அவன் அப்பன் வீட்டுச் சொத்தா என்று நாயகியைத் திட்டுவாள், பிறகு கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, யோவ் இத வெட்டிடு என்பாள், அடுத்த வரியில் ஒன்றுமே நடக்காத மாதிரி மறுபடி தேனாக இறங்குவாள். அந்த இரட்டைக் குழந்தைக்கு ஒரு நாள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. ரெட்டப் புள்ள பெத்தவ ஒருத்தியாவது இத எழுதியிருப்பாளா, தூங்கவே வழியில்ல, இவ தல கலையாம சிரிக்கறாளாம்.

ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தக் கதைகளில் காத்திருப்பது மட்டும் பொய்யாக இருப்பதில்லை. போன் வரும் என்று ஒருத்தி உட்கார்ந்திருக்கிற இடம் வந்தால் சுமாராக எழுதுகிறவர்கூட எங்கிருந்தோ நன்றாக எழுதிவிடுகிறார், அந்தப் பக்கங்களில் அம்மா ஒரு தடவைகூட நிறுத்தித் திட்டியதில்லை. டிக்கெட் கவுண்டரில் வேலை பார்க்கும் ஒரு பெண் அவளுக்கு எழுதியிருந்தாள், நாள் பூரா கண்ணாடிக்குப் பின்னால ஏச்சு வாங்கிட்டு வீட்டுக்குத் திரும்பறப்ப உங்க குரலக் கேட்டுகிட்டே வரேன் அக்கா, இல்லாட்டி பஸ்ஸுலயே அழுதுடுவேன் என்று. அதைப் படித்த பிறகு நான் சத்தமாகக் கிண்டல் செய்வதை நிறுத்திக்கொண்டேன். குறை சொல்வது வேறு, இளக்காரம் வேறு. நான் கையெழுத்துப் போடாததற்கு இரண்டுமே காரணம் இல்லை.

இந்தக் கடைசி நாவலில், கட்டின மனைவியை விட்டுவிட்டு ஏழு வருஷம் காணாமல் போனவன் திரும்பி வருகிறான், கடைசி அத்தியாயத்தில் அவன் அழுகிறான், உங்களை எப்போதோ மன்னித்துவிட்டேன் என்று சொல்லி அவன் தோளில் அவள் சாய்கிறாள், முடிந்தது. அதற்கு முந்தைய அத்தியாயம் வரை அம்மா வாசித்திருந்தாள். போன வாரம் ஸ்டுடியோக்காரர், தம்பி சும்மா ஒரு தடவ கேளு, கேட்டுட்டு அப்புறம் வேணாம்னு சொல்லு என்று என்னைப் பிடித்து உட்கார வைத்து, மாதிரிக்குச் செய்து வைத்திருந்ததைப் போட்டார். முதல் வரி வந்தது. உன் அம்மாதான். யோசிப்பதற்கு முன்னால் என் தலை கண்ணாடிப் பக்கம் திரும்பிவிட்டது. டப்பாவுக்குள் விளக்கு இல்லை, நாற்காலியில் அவள் முதுகுக்கு வைத்துக்கொள்ளும் சின்னத் தலையணை மட்டும் சாய்ந்திருந்தது, குரல் பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் முழுக்க அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தபடி கேட்டேன். பிறகுதான் தொழில் புத்தி வந்தது. ஒவ்வொரு நீண்ட வரிக்கு முன்னாலும் ஒரே மூச்சு, ஒரு மூச்சை எடுத்து வரிக்கு வரி ஒட்டிய மாதிரி. அம்மா வாசிக்கத் தொடங்கும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிப் பிரிகிற ஒரு சின்னச் சத்தம் வரும், அது இல்லை. எப்படி இருக்கும், வருஷக்கணக்கில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தவன் நான்தானே. அந்தக் கம்ப்யூட்டருக்குத் தீனியாகப் போனது நான் சுத்தம் செய்து வெளியே அனுப்பிய ஒலி மட்டும். அதற்கு இருமத் தெரியாது, திட்டத் தெரியாது, யோவ் என்று கூப்பிடத் தெரியாது. காதல் நாவல் மட்டும்தான் தெரியும்.

நீ அவரிடம் கேட்டு வாங்கிய வரியையும் போட்டுக் காட்டினார். உன்னைக் காட்டிக்கொடுக்க இல்லை, எவ்வளவு நன்றாக வந்திருக்கிறது பார் என்கிற பெருமையில். நீ வராததில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை கண்ணே என்றது அம்மாவின் குரல். அதை நீ எத்தனை தடவை போட்டுக் கேட்கிறாய் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டேன், கோபமும் இல்லை. ஆனால் அம்மா உன்னைக் கண்ணே என்று என்றைக்குக் கூப்பிட்டாள், கழுதை என்பாள், ரொம்பப் பிரியமாக இருந்தால் குட்டிக் கழுதை. அவர் டீ குடிக்க எழுந்து போனார். எந்த மீட்டரையும் ஒரு பக்கம் மட்டும் வைத்துப் பார்த்து நம்பக் கூடாது, எதிர்ப்பக்கமும் சோதிக்க வேண்டும், நான் படித்த படிப்பு அதுதான். கீபோர்டை இழுத்து, நீ வராததை நான் மன்னிக்கவே மாட்டேன் என்று டைப் செய்தேன். அதையும் சொன்னது. அதே குரல், அதே இதம், ஒரு மாற்றமும் இல்லை. இதை உனக்கு எழுதாமல் விட்டிருக்கலாம். ஆனால் அது தருகிற மன்னிப்புக்கு என்ன மதிப்போ அதே மதிப்புத்தான் இதற்கும், ஒன்றை நம்பினால் இன்னொன்றையும் நம்ப வேண்டிவரும், நீ இரண்டையும் நம்பாதே. சொல்வது எளிது. அன்றைக்கிலிருந்து எனக்கு, பாத்திரம் கழுவி முடித்துக் குழாயை மூடுகிறேன், அந்த நிசப்தத்தில் பின்னால் சமையலறை வாசலில் நான் டைப் செய்த அந்த வரி வந்து நிற்கிறது. திரும்புவதில்லை. அது அவள் இல்லை என்று கிராஃப் போட்டு நிரூபிக்கிற அளவுக்கு எனக்குத் தெரியும், தெரிந்தும் பிடரி முடி எழுந்து நிற்கிறது. அதற்குத்தான் ரேடியோ.

நீ என்னிடம் வாய்விட்டுக் கேட்காத கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். அம்மா உன்னை மன்னித்தாளா என்றால், இல்லை. மன்னிக்க ஏதாவது இருக்கிறது என்றே அவளுக்குத் தெரியாது. தொண்டை கட்டியிருக்கிறது என்றுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம், நெஞ்சுக்குள் கோளாறு என்று டாக்டர் சொன்ன மறுநாள் காலையில் முடிந்துவிட்டது. உனக்குச் சொல்லட்டுமா என்று கேட்டேன், அவளுக்குப் பரீட்சை நடக்குது, இருமலுக்கெல்லாம் போனப் போட்டுகிட்டு இருக்காத என்றாள். கடைசியாக என்னிடம் சொன்னது, வார்டு வாசல்ல செருப்ப விட்டுட்டேன், புதுசு, உள்ள எடுத்து வை என்று. அந்தக் கதைகளில் எனக்கு உண்மையாகவே பொறுக்காத விஷயம் ஒன்று உண்டென்றால் அது இதுதான், அவற்றில் யாரும் சொல்லாமல் போவதில்லை. கட்டிலில் சாய்ந்து ஒரு பக்கத்துக்குப் பேசி, யார் யாரை மன்னிக்க வேண்டுமோ மன்னித்து, யார் கையை யார் கையில் வைக்க வேண்டுமோ வைத்துவிட்டுத்தான் கண்ணை மூடுகிறார்கள். படிக்கிறவர்கள் நம் வீட்டிலும் அப்படி ஒரு வார்த்தை எங்கேயோ இருக்கும் என்று தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். இல்லை, நான் பக்கத்திலேயே இருந்தேன், அப்படி ஒரு வார்த்தை இல்லை. நீ வந்திருந்தால் அந்தச் செருப்பை நீ எடுத்து வைத்திருப்பாய், அவ்வளவுதான் நீ தவறவிட்டது.

இனி ஹார்ட் டிஸ்க். வெட்டியதை எல்லாம் அப்பா தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறார் என்று நீதான் ஸ்டுடியோக்காரரிடம் சொல்லியிருக்கிறாய். அதையும் கொடுத்தால் அந்தக் குரலுக்குப் பேச்சு வந்துவிடும், சிரிப்பு வந்துவிடும், அசல் அம்மா மாதிரியே இருக்கும் என்று அவர் கேட்கிறார், குடுத்திடுப்பா என்று நீயும் சொல்கிறாய். நான் அவரிடம் கொடுக்கப் போவதில்லை. உனக்கு ஒரு பிரதி இதோடு அனுப்புகிறேன். நீ அவரிடம் கொடுப்பதாக இருந்தால் கொடு, நான் தடுக்க மாட்டேன், தாளிலும் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன், சண்டை போட எனக்கு மிச்சமிருப்பது நீ ஒருத்திதான், உன்னோடு போட எனக்குத் தெம்பில்லை. கடைசி ஃபைலை மட்டும் முதலில் கேட்டுவிடு. அந்த அத்தியாயம் உடம்பு முடியாமல் நின்றுபோனது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அதில் தாள் புரளும் சத்தம் கேட்கும், பிறகு அம்மா, ஏழு வருஷம், நாலு வரில மன்னிச்சிட்டாளாம், இவ மனுஷியா மரக்கட்டையா, இத நான் வாசிக்க மாட்டேன்யா, அந்த எழுதின அம்மாகிட்ட சொல்லு, நாலு பக்கமாவது இவ சண்ட போடட்டும், அப்புறம் பாக்கலாம் என்கிறாள். எழுதியவரிடம் நான் சொல்வதற்குள் எல்லாம் நடந்துவிட்டது. ஸ்டுடியோக்காரரிடம் இதைச் சொன்னேன், அதெல்லாம் விளையாட்டா சொல்றது தம்பி என்றார். இருக்கலாம். ஆனால் அவள் மாட்டேன் என்ற ஒரே அத்தியாயத்தைத்தான் அவளை விட்டே சொல்ல வைத்திருக்கிறார்கள்.

ஃபைல் அங்கே முடியவில்லை. மடியில் போன் அதிர்கிறது. டப்பாவுக்குள் போன் கூடாது என்பது சட்டம், அவள் என்றைக்குச் சட்டத்தை மதித்தாள், உன் பெயர் வந்தால் எந்த வரியானாலும் பாதியில் விட்டுவிட்டு எடுப்பாள். மைக்கை நான் அணைக்கவில்லை. அவள் பக்கம் மட்டும் பதிவாகியிருக்கிறது. என்னடி கழுதை என்று தொடங்குகிறாள், பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை, ஐயய்யோ அப்புறம் என்கிறாள், மறுபடி ஒன்றுமில்லை, பிறகு நாற்காலி கிறீச்சிடச் சிரிக்கிறாள், சிரிப்பு இருமலாகிறது, ஒண்ணுமில்ல ஒண்ணுமில்ல நீ சொல்லு சொல்லு என்கிறாள். அன்றைக்கு நீ அவளுக்கு என்ன கதை சொன்னாய் என்று எனக்குத் தெரியாது, அவளும் சொல்லவில்லை. நடுவில் வரும் அமைதியெல்லாம் நீ பேசியது. வழக்கமாக அப்படி வருவதை இழுத்துச் சுருக்குவேன், இதில் ஒரு நொடிகூடக் கை வைக்கவில்லை. நீ அன்றைக்குச் சொன்னதை அந்த இடங்களில் மறுபடி சொன்னால் அளவு சரியாக இருக்கும், அவள் அங்கங்கே உனக்குப் பதில் சொல்லுவாள்.

நீ பிறந்தபோது எனக்கு மீசைகூட ஒழுங்காக வரவில்லை, ஆசீர்வாதம் பண்ற மூஞ்சியைப் பாரு என்று அம்மா கிண்டல் செய்வாள், இருந்தாலும் செய்கிறேன், நீண்ட காலம் நன்றாக இரு, நெஞ்சு நிமிர்ந்து இரு. சித்திக்கு ஒரு போன் போடு, என்னைப் பற்றிக் கேட்காமல் அவளைப் பற்றிக் கேள். அந்த ஃபைலைச் செல்போன் ஸ்பீக்கரில் போடாதே, நல்ல ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேள், அவள் சிரிப்பில் பாதி அடிக்குரல், சின்ன ஸ்பீக்கரில் வராது.

இப்படிக்கு,
உன் அப்பா