இழவு வீட்டில் கேட்ட கேள்வி

வியாழன், இரவு.

சுகாதாரத் துறையில் இப்படிப்பட்ட வேலை யாருக்கும் வேண்டாம். களமருதூரில் போன மாதம் கொரோனாவில் இறந்த ஒரு அம்மாவுக்கு இருந்தது இரண்டு வகை கலந்த புது வைரஸாம். ஆய்வு முடிவு வந்துவிட்டது. அது எங்கிருந்து வந்தது என்று விசாரிக்க இன்று அந்த வீட்டுக்குப் போனேன்.

"வெளியூர்லருந்து யாராச்சும் வந்தாங்களா?"

கணவர், பக்கத்தில் நின்ற மகளைப் பார்க்காமலே சொன்னார்: "யாரும் வர்லீங்க. நான்தான் உளுந்தூர்பேட்டைக்குப் போய்க்கினு வந்துக்கினு இருந்தேன். என்னாலதான்."

எழுதிக்கொண்டு கிளம்பினேன். வண்டியை எடுக்கும்போது மகள் பின்னாலேயே ஓடி வந்தாள்.

"நான்தாங்க சென்னையிலருந்து காய்ச்சலோட வந்தேன். எங்க ஹாஸ்டல்ல நெறைய பேருக்கு இருந்துச்சு. அங்க போய்ப் பாருங்க. என்னாலதான் அம்மாவுக்கு வந்துச்சுன்னு எனக்குத் தெரியாதுன்னே எங்கப்பா நெனச்சுக்கட்டும்."