இரண்டாகத் தெரிந்த வட்டு

அன்பு டக்னியாவுக்கு,

ரீகாவில் நீயும் நம் குட்டி மாராவும் நலம்தானே? உன் இருமல் விட்டதா?

ஆண்டு இறுதிக் கோப்பைக்கான ஐஸ் ஹாக்கி இங்கே சுவிட்சர்லாந்தில், தாவோஸில் நடக்கிறது. நேற்று நான் கோல் காத்து நின்றபோது ரப்பர் வட்டு என் முகமூடியில் அடித்தது. பயப்படாதே. அதன்பின் வலைக்கு வந்த வட்டு எனக்கு இரண்டாகத் தெரிந்தது. ஒன்றைப் பிடிக்கப் பாய்ந்தேன், மற்றது கோலாகிவிட்டது.

"கண்ணு நல்லாத் தெரியுதாப்பா? இல்லேன்னா சொல்லு, வேற ஆளை நிறுத்துறேன்" என்றார் பயிற்சியாளர்.

இந்த வயதில் வெளியே உட்கார்ந்தால் மறுபடி யார் கூப்பிடுவார்கள்? "நல்லாத் தெரியுது சார்" என்றேன்.

அறையில் பேச ஆளில்லை. கறுப்பு ரொட்டி கொஞ்சம் அனுப்பு. மாராவை ஒரு படம் வரைந்து தரச் சொல். கோடுகள் தடிமனாக இருக்கட்டும். கொஞ்ச நாளைக்கு என் ஆட்டங்களை அவள் டி.வி.யில் பார்க்க வேண்டாம்.

பஸ் வந்துவிட்டது, கூப்பிடுகிறார்கள்.

உன் இவார்ஸ்