இரண்டு டப்பா, ஒரே வயிறு

ஜூன் 6

குதிரைப்பாலைப் புளிக்க வைத்த முதல் குமிஸ் இன்று பதமாகிவிட்டது. இந்தக் கோடையில் ஏழு குதிரைகள் கறக்கின்றன. மலைக்கு வர நான் யாரிடமும் லீவு கேட்க வேண்டியதில்லை. கரும்பலகை முன் நிறுத்தினாலே வாய் பூட்டிக்கொள்ளும், ஒன்பதாவதோடு நின்றுவிட்டேன்.

பிஷ்கெக் நகரத்திலிருந்து டாக்டர் அசில்குல் ஆட்களோடு வந்திருக்கிறார். குடலில் வாழும் கிருமிகள், பதற்றத்தைக் கிளப்பும் மரபணுக்களை ஏற்றி இறக்குமாம். கிருமியே இல்லாமல் வளர்த்த எலியைப் பிடித்து அடைத்தால், மற்ற எலிகளைவிட அதிகமாகப் பதறுமாம். குமிஸ் குடிக்கும் எங்கள் வயிற்றில் என்ன நடக்கிறதென்று பார்க்க ஆளுக்கொரு டப்பா கொடுத்தார். எதை நிரப்ப வேண்டும் என்று சொன்னதும் அண்ணன் தெமிர் குடித்த குமிஸைத் துப்பிவிட்டான்.

ஜூன் 7

நிரப்பிய டப்பாக்களைப் போடும் ஐஸ்பெட்டியை அப்பாவின் கூடாரத்தில் வைத்துவிட்டார்கள். அண்ணி குல்பார் காலி டப்பாவோடு குதிரைகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

“மாமனார் பேரையே வாயால சொல்லாதவ நான். அவரு டீ குடிச்சிட்டு இருக்கறப்போ இதைத் தூக்கிட்டு முன்னாடி போவேனாடி? நீ அவரு பெத்த பொண்ணு, உனக்கென்ன? ரெண்டையும் நீயே நிரப்பிடு சாய்ரா. வயிறு வயிறுதானே!”

நிரப்பினேன். சிரித்துச் சிரித்து இருவருக்கும் விலா வலித்தது.

ஜூன் 8

இன்று ரத்தம் எடுத்தார்கள். அண்ணியின் ரத்தம் அண்ணியுடையதுதான்.

ஊசி குத்தும்போது டாக்டர் சொன்னார்: ஒவ்வொருவர் ரத்தத்திலும் எந்த மரபணு விழித்திருக்கிறது என்று பார்த்து, அவரவர் டப்பாவோடு ஒப்பிடுவார்களாம். இரண்டு வருஷ உழைப்பாம்.

ஐயோ. என்ன செஞ்சு வெச்சேன் நான்?

ஜூன் 9

சொல்லணும். எந்த வாயால?

ஜூன் 11

டாக்டரின் கூடாரம் வரை போனேன். “என்னம்மா?” என்றார். “தயிர் வேணுமா?” என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். மூன்றாவது தடவை. அவர்களிடம் இப்போது ஒரு வாளித் தயிர் இருக்கிறது. இன்னும் நாலு நாளில் டப்பாக்கள் நகரத்துக்குப் போகின்றன.

ஜூன் 13

பதற்றச் சோதனை. வெள்ளைக் கோட்டுப் போட்ட மூன்று பேர் முன்னால் நின்று, ஐந்து நிமிஷம் என்னைப் பற்றிப் பேச வேண்டும். அவர்கள் சிரிக்கவோ தலையாட்டவோ கூடாது. பிறகு எவ்வளவு பதறினேன் என்று பார்க்கக் குழாயில் எச்சில் துப்ப வேண்டும்.

நின்றேன். மூன்று கல்முகம். நாக்கு ஒட்டிக்கொண்டது. என்னைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? நெஞ்சில் இருந்தது ஒன்றே ஒன்று. அதுவே வெளியே வந்தது.

“ரெண்டாவது டப்பாவும் என்னுதுதான்.”

அப்புறம் நிற்கவே இல்லை. அண்ணி, அப்பாவின் டீ, விலா வலித்தது, தயிர், எல்லாம். ஓரத்துக் கல்முகம் முதலில் நடுங்கியது. நடுவிலிருந்தவர் மேஜைக்கடியில் குனிந்துகொண்டார். டாக்டர் கண்ணைத் துடைத்தபடி சொன்னார்: “ஒரே வயிறு, ரெண்டு ரத்தம்! ஒரு வருஷம் தலையைப் பிச்சிக்கிட்டு இருந்திருப்போமே!”

என் எச்சிலை எடுக்கவில்லை. அவர்கள் சிரித்துவிட்டதால் என் சோதனை செல்லாதாம்.

ஜூன் 14

அண்ணி முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டு, “துரோகி” என்றாள். துணிக்குள்ளே சிரிப்பு.

டாக்டர் கோபிக்கவில்லை. “மருமக டப்பா போட வேண்டிய பெட்டியை மாமனார் உட்கார்ந்திருக்கற எடத்துல வெச்சது யாரு? நாங்கதானே?” பெட்டியைக் குதிரைகளுக்குப் பின்னால் நகர்த்தினார்கள். அண்ணி புது டப்பா வாங்கிக்கொண்டாள்.

இன்னும் இருபத்தாறு கூடாரம் பாக்கி. பெண்கள் என்னிடம்தான் வாய் திறப்பார்களாம், டப்பா கொடுத்து விளக்க என்னைப் போகச் சொல்கிறார். நானா?

ஜூன் 15

சரி என்று சொல்லிவிட்டேன். முதல் கூடாரத்தில் சொல்ல வேண்டியதைக் குதிரையிடம் சொல்லிப் பார்த்தேன்.

ஜூலை 2

இருபத்தாறாவது கூடாரமும் முடிந்தது. அங்கே மூன்று மருமகள்கள். பேச்சு பால் கறக்கும் நேரத்தைத் தாண்டிப் போய்விட்டது. திரும்பும்போது எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. அண்ணி டீயில் வெண்ணெய் போட்டுக் கொடுத்தாள். ஒவ்வொரு கூடாரத்துக் கதையாகச் சொல்லிக்கொண்டே போனேன். தெமிர் காதைப் பொத்திக்கொண்டு கத்துகிறான்:

“அடியே, கொஞ்சம் வாயை மூடேன்!”