அழுகைக்குக் கீழே ஒரு வரி

மோர்டன், லண்டன்

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் நோ இப்போது எப்படி? நான் சுகமாக இருக்கிறேன், குளிர்தான் கொஞ்சம் கூட.

புது வேலை என்னவென்று கேட்டிருந்தீர்கள். பிரான்சும் ஜெர்மனியும் சேர்ந்து கலைகளுக்கென்றே ஒரு தொலைக்காட்சி நடத்துகின்றன. ஒரு காலத்தில் ஒருவரையொருவர் சுட்டுக்கொன்ற நாடுகள். இன்று ஒரே படத்தை இரண்டு நாட்டு வீடுகளிலும் பார்க்கிறார்கள். வரவர மற்ற மொழிகளையும் சேர்த்துக்கொண்டு போகிறார்கள். சிங்களச் சனல், தமிழ்ச் சனல் என்று பிரித்தே பார்த்து வளர்ந்த எனக்கு இது அதிசயம். படத்தின் கீழே ஓடும் ஆங்கில வரிகளை எங்கள் சின்ன அலுவலகம் எழுதுகிறது.

போன கிழமை ஒரு பிழை விட்டேன். போரில் அண்ணன்மாரை இழந்த இரண்டு வயதான பெண்கள், ஒருவர் பிரெஞ்சு, மற்றவர் ஜெர்மன், ஒரே மேசையில் இருந்து பேசும் படம். யார் எந்த மொழியில் பேசுகிறார் என்று வரிக்கு வரி குறிக்க வேண்டும். அந்த வேகத்தில் 'ஜெர்மன் மொழியில் அழுகிறார்' என்று எழுதிவிட்டேன். பக்கத்து மேசை யனுஷன் பார்த்துச் சிரித்தான்.

"அழுகைக்கு என்ன மொழி அக்கா, அழிச்சுவிடுங்கோ."

அழித்துவிட்டேன்.

யாராவது வந்தால் வறுத்த மிளகாய்த்தூள் கொடுத்துவிடுங்கள். ரயிலுக்கு நேரமாகிவிட்டது. மிளகாய்த்தூளோடு அண்ணாவின் படம் ஒன்றும் வையுங்கள். பெயரும் காணாமல்போன திகதியும் எழுதி, நீங்கள் போராட்டப் பந்தலில் கையில் பிடித்தபடி இருக்கும் அந்தப் படம் வேண்டாம். கீழே ஒன்றும் எழுதாத படம்.

உங்கள் மகள்,
சுவர்ணா